தண்டர்பேர்ட் திணறுகிறதா? வீங்கிப்போன மெயில் ஃபைல்களைச் சரிசெய்யும் முறை

இன்பாக்ஸைச் சொடுக்கினால் பட்டியல் வர ஒரு நிமிடம் ஆகிறது. ஒரு மெயிலை அழித்தால் ஜன்னல் வெளுத்துப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நிற்கிறது. தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் டீ குடித்துவிட்டே வரலாம். பல வருடங்களாக ஒரே கணக்கு ஓடும் கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை வந்தால், புது மெஷின் வாங்குவதற்கு முன் மெயில் ஃபைல்களின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி விண்டோஸில் ஓடும் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளுக்கானது. லினக்ஸிலும் மேக்கிலும் மெனுக்கள் ஏறத்தாழ இவைதான். அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் முதலில் வருவதையும் படித்துவிடுங்கள், காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அழித்தும் ஏன் குறையவில்லை

தண்டர்பேர்ட் இயல்பாக ஒவ்வொரு மெயில் ஃபோல்டரையும் ஒரே ஒரு ஃபைலாக வைத்திருக்கிறது. இந்த அமைப்புக்கு எம்பாக்ஸ் என்று பெயர். இன்பாக்ஸில் 40,000 மெயில் இருந்தால் அவை அத்தனையும், அட்டாச்மென்ட்களோடு சேர்த்து, ஒரே நீண்ட ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் நடுவிலுள்ள ஒன்றை அழித்தால் அது ஃபைலிலிருந்து வெட்டி எடுக்கப்படுவதில்லை. அந்த மெயிலின் தலைப்பகுதியில் இருக்கும் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்ற வரியில் எண் மாறும், பட்டியலில் பெயர் மறையும், அவ்வளவுதான். பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் கணக்கிலிருந்து அது போய்விடும், பேரேட்டின் தடிமன் குறையாது. அதே கதைதான் இங்கும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 'டிலீட்' பட்டனை அழுத்தினால் மெயில் ட்ராஷ் ஃபோல்டருக்குப் போகிறது. ட்ராஷும் ஒரு தனி ஃபைல். அதாவது மெயில் அங்கே நகலெடுக்கப்படுகிறது, பழைய இடத்தில் அடித்த வரியாக அப்படியே கிடக்கிறது. 1 ஜிபி மெயிலை அழித்தால் டிஸ்கில் 1 ஜிபி கூடுகிறது, குறைவதில்லை. இடம் போதவில்லை என்று அவசர அவசரமாக அழித்துத் தள்ளியவர்கள் டிஸ்க் முழுவதும் நிரம்பிப்போய் நிற்பது இதனால்தான்.

அடித்த வரிகளை உண்மையில் நீக்கும் வேலைக்கு 'கம்பேக்ட்' என்று பெயர். தண்டர்பேர்ட் புதிதாக ஒரு தற்காலிக ஃபைலைத் தொடங்கி, உயிரோடு இருக்கும் மெயில்களை மட்டும் அதில் எழுதி, முடிந்ததும் பழைய ஃபைலைத் தூக்கிவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வைக்கும். இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் தானாகப் புரியும்.

கைவைக்கும் முன் மூன்று சோதனைகள்

முதலாவது, உண்மையிலேயே ஃபைல்தான் காரணமா என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்துகொண்டு தண்டர்பேர்டில் இன்பாக்ஸைச் சொடுக்குங்கள். டிஸ்க் பத்தி 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் சந்தேகம் சரி. டிஸ்க் சும்மா இருக்கிறது, மெயில் அனுப்பும்போதும் பெறும்போதும் மட்டும்தான் தாமதம் என்றால் அது நெட் இணைப்பின் அல்லது சர்வரின் பிரச்சினை. 'ஹெல்ப்' மெனுவில் இருக்கும் 'ட்ரபிள்ஷூட் மோட்' வழியாகத் திறந்தால் வேகமாக ஓடுகிறது என்றால், நீங்கள் சேர்த்திருக்கும் ஏதோ ஒரு ஆட்-ஆன்தான் குற்றவாளி. இந்த இரண்டு நிலைகளிலும் கீழே உள்ள வேலைகளால் பெரிதாகப் பலன் இருக்காது.

இரண்டாவது, உங்கள் கணக்கு எந்த வகை என்று பாருங்கள். சர்வரிலிருந்து மெயிலைப் பெற 'பாப்', 'ஐமேப்' என்று இரண்டு முறைகள் உண்டு. 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' திறந்து, கணக்கின் பெயருக்குக் கீழே 'சர்வர் செட்டிங்ஸ்' என்பதைச் சொடுக்கினால் மேலேயே 'சர்வர் டைப்' என்று எழுதியிருக்கும். ஐமேப் என்றால் மெயில்களின் மூலம் சர்வரில் இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது பிரதி. பாப் என்றால் பெரும்பாலும் தலைகீழ்: சர்வரில் சில நாட்களுக்கு மேல் இருக்காது, உங்கள் டிஸ்கில் இருப்பதுதான் ஒரே பிரதி. புதிதாக அமைத்த பாப் கணக்கில் தண்டர்பேர்ட் 14 நாட்கள் மட்டும் சர்வரில் விட்டுவைக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு ஃபைலையும் அழிக்கக் கூடாது.

மூன்றாவது, எந்த ஃபைல் பெரிது என்று கண்ணால் பார்க்க வேண்டும். 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்று முடியும் வரியைத் திறங்கள். வரும் பக்கத்தில் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' என்பதற்கு எதிரே 'ஓப்பன் ஃபோல்டர்' பட்டன் இருக்கும். அதைச் சொடுக்கினால் உங்கள் ப்ரொஃபைல், அதாவது தண்டர்பேர்ட் உங்கள் மெயில்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் ஃபோல்டர், திறக்கும். அதற்குள் 'மெயில்' என்ற ஃபோல்டரில் பாப் கணக்குகளும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதும் இருக்கும். 'ஐமேப்மெயில்' என்பதில் ஐமேப் கணக்குகள்.

உள்ளே போனால் மூன்று வகை தென்படும். பெயருக்குப் பின் புள்ளியும் எழுத்துகளும் இல்லாமல் வெறுமனே 'இன்பாக்ஸ்', 'சென்ட்' என்று இருப்பவை மெயில்களே. அதே பெயரோடு எம்எஸ்எஃப் என்று முடிபவை அட்டவணை, அதாவது எந்த மெயில் ஃபைலில் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு. எஸ்பிடி என்று முடிபவை உட்ஃபோல்டர்களைக் கொண்ட டைரக்டரிகள். அளவு வாரியாக வரிசைப்படுத்தி, பெரிய ஐந்தாறு ஃபைல்களின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒப்பிடத் தேவைப்படும்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவது. எம்எஸ்எஃப் ஃபைலை அழித்தால் தண்டர்பேர்ட் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். எம்எஸ்எஃப் போன்ற வால் இல்லாத ஃபைலை பாப் கணக்கிலோ லோக்கல் ஃபோல்டரிலோ அழித்தால் அந்த ஃபோல்டரின் மெயில் முழுவதும் போனது போனதுதான். பெயர் ஒன்றாக இருப்பதால் கண் ஏமாறும். பக்கத்தில் உள்ள 'டைப்' பத்தியைப் பார்த்துவிட்டே கைவையுங்கள்.

பேக்கப்

தண்டர்பேர்டை மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் மறைகிறதா என்று பாருங்கள், பெரிய ஃபைல் இருந்தால் மூடிய பிறகும் அரை நிமிடம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாக வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி செய்யுங்கள். இன்பாக்ஸ் ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது, கணக்கு அமைப்புகள், முகவரிப் புத்தகம், ஃபில்டர்கள் எல்லாம் அதே ப்ரொஃபைலில்தான் இருக்கின்றன.

பழைய பென்டிரைவ்கள் பல ஃபேட்32 வடிவில் இருக்கும். அதில் 4 ஜிபியைத் தொடும் ஒரு தனி ஃபைலை வைக்க முடியாது. இடம் எத்தனை காலியாக இருந்தாலும் காப்பி பாதியில் நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும் டிஸ்க் வேண்டும். காப்பி ஆனதும் இரண்டு பக்கமும் 'ப்ராப்பர்டீஸ்' பார்த்து மொத்த பைட் எண்ணிக்கை சமமா என்று சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை.

கம்பேக்ட் செய்தல்

வரிசை முக்கியம்.

1. டிஸ்கில் காலி இடம் எவ்வளவு என்று பாருங்கள். தாளில் குறித்த மிகப் பெரிய ஃபைலின் அளவுக்காவது காலி வேண்டும். தற்காலிக ஃபைல் உருவாக வேண்டுமே. 12 ஜிபி இன்பாக்ஸை 3 ஜிபி காலி இடத்தில் கம்பேக்ட் செய்ய முயல்வது வீண்.

2. ட்ராஷ் மீது வலது சொடுக்கில் 'எம்ப்டி ட்ராஷ்', ஜங்க் மீது 'எம்ப்டி ஜங்க்'.

3. நெட்டைத் துண்டியுங்கள், அல்லது 'ஃபைல்' மெனுவில் 'ஆஃப்லைன்' போய் 'வொர்க் ஆஃப்லைன்' தேர்ந்தெடுங்கள். கம்பேக்ட் நடக்கும் ஃபோல்டருக்குள் புது மெயில் வந்து இறங்குவதைத் தவிர்ப்பதற்காக. ஐமேப் கணக்குக்கு மட்டும் இந்தப் படியை விட்டுவிடலாம், அழித்தவற்றைச் சர்வரிலும் நீக்க அதற்கு இணைப்பு வேண்டும்.

4. பெரிய ஃபோல்டரின் மீது வலது சொடுக்கு, 'கம்பேக்ட்'. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யும் 'ஃபைல்' மெனுவின் 'கம்பேக்ட் ஃபோல்டர்ஸ்' இருக்கிறது. ஆனால் முதல்முறை ஒவ்வொன்றாகச் செய்வதே நல்லது. எதில் சிக்குகிறது என்று தெரியும்.

5. கீழே உள்ள நிலைப்பட்டையில் வேலை முடிந்தது என்று வரும்வரை எதையும் தொடாதீர்கள். சுழலும் ஹார்டு டிஸ்கில் 10 ஜிபி ஃபைலுக்கு நீண்ட நேரம் பிடிக்கும். ஜன்னல் உறைந்ததுபோல் தெரிந்தாலும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

6. தண்டர்பேர்டை ஒருமுறை மூடித் திறந்து, ஃபைல் அளவைத் தாளோடு ஒப்பிடுங்கள்.

நடுவில் மின்சாரம் போனாலோ, ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைப் பிடித்து வைத்துக்கொண்டாலோ, பொறுமையிழந்து நீங்களே மூடிவிட்டாலோ கம்பேக்ட் பாதியில் நிற்கும். பழைய ஃபைல் பெரும்பாலும் சேதமின்றி இருக்கும், ஆனால் 'என்எஸ்டிஎம்பி' என்று தொடங்கும் ஒரு ஃபைல் மிச்சமாகக் கிடக்கும். சில சமயம் அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் இடதுபக்கப் பட்டியலில் முளைக்கும். பல ஜிபி அளவுக்கு இப்படி நாலைந்து மிச்சங்கள் சேர்ந்துவிடுவதும் உண்டு. உடனே அழித்துவிட வேண்டாம். மூல ஃபோல்டரைத் திறந்து, பழைய மெயில்களும் புதிய மெயில்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் இருந்தால் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த மிச்ச ஃபைலையும் அதன் எம்எஸ்எஃப்பையும் அழிக்கலாம். மூல ஃபோல்டர் காலியாக இருந்தால் உங்கள் மெயில்கள் அந்த மிச்சத்தில்தான் இருக்கின்றன. அதைத் திறந்து, மெயில்களைப் புதிய ஃபோல்டர் ஒன்றுக்கு நகர்த்திய பிறகே அழியுங்கள்.

இனி இது தானாக நடக்க, 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஜெனரல்' பகுதியின் அடியில் 'டிஸ்க் ஸ்பேஸ்' என்ற இடத்தில், இவ்வளவு எம்பி மிச்சமாகும் என்றால் கம்பேக்ட் செய் என்ற பெட்டி இருக்கும். இயல்பாக 200 எம்பி. அதை அப்படியே விடலாம். பழைய பதிப்பு ஒன்றில் யாரோ இந்தக் குறியை எடுத்துவிட்டு, அதே ப்ரொஃபைல் வருடக்கணக்கில் தொடர்ந்திருந்தால்தான் 3 ஜிபி மெயிலுக்கு 15 ஜிபி ஃபைல் என்ற நிலை வரும். கம்பேக்ட் கேட்கும் கேள்விப் பெட்டிக்கு ஒவ்வொரு முறையும் 'வேண்டாம்' சொல்லிப் பழகியவர்களுக்கும் இதே கதிதான்.

கம்பேக்ட் செய்தும் பெரிதாகவே இருந்தால்

அப்படியானால் அது நிஜமான சதை. குறைக்க வேண்டியது மெயில்களைத்தான், அதிலும் அட்டாச்மென்ட்களை.

அட்டாச்மென்ட்கள் மெயிலுக்குள் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகின்றன. மூன்று பைட் நான்கு எழுத்தாகும், வரி முறிவுகளும் சேரும். ஆகவே 10 எம்பி பிடிஎஃப் ஒன்று மெயில் ஃபைலில் 13 எம்பிக்கு மேல் பிடிக்கும். அதை நீங்கள் பெற்று, வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்தால் இன்பாக்ஸில் ஒன்று, சென்டில் ஒன்று. சென்ட் ஃபோல்டரை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. பில்லும் படிவமும் அனுப்பும் அலுவலகங்களில் இன்பாக்ஸைவிட அதுவே பெரிதாக இருப்பது சகஜம். ட்ராஃப்ட்ஸையும் பாருங்கள். தட்டச்சு செய்துகொண்டிருக்கும் மெயிலைத் தண்டர்பேர்ட் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு சேமிப்பும் புதிய பிரதி, முந்தையது அடித்த வரி. 20 எம்பி அட்டாச்மென்ட் வைத்த மெயிலை அரைமணி நேரம் திறந்து வைத்திருந்தால் கணக்கு என்னவாகும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பட்டியலில் ட்ராஃப்ட்ஸ் காலியாகத் தெரியும், டிஸ்கில் அந்த ஃபைல் பல நூறு எம்பி இருக்கும். ஒரு கம்பேக்ட் போதும், காணாமல் போய்விடும்.

பெரிய மெயில்களைப் பிடிக்க: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் அழுத்தினால் 'சர்ச் மெசேஜஸ்' ஜன்னல் வரும். எந்தக் கணக்கு என்று தேர்ந்தெடுத்து, உட்ஃபோல்டர்களையும் தேடும் பெட்டியில் குறியிட்டு, நிபந்தனையை 'சைஸ்', 'இஸ் கிரேட்டர் தேன்' என்று வைத்து 5000 என்று எழுதுங்கள். அளவு கேபியில், ஆகவே இது ஏறத்தாழ 5 எம்பிக்கு மேற்பட்டவை. வரும் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தால், தேவையில்லாத வீடியோக்களும் ஒரே படிவத்தின் ஏழு திருத்தங்களும் கண்ணில் படும். மெயிலே வேண்டாம் என்றால் அழியுங்கள். மெயில் வேண்டும், அட்டாச்மென்ட் வேறிடத்தில் இருந்தால் போதும் என்றால், மெயிலைத் திறந்து அட்டாச்மென்ட் மீது வலது சொடுக்கில் 'டிட்டாச்' தேர்ந்தெடுங்கள். ஃபைல் நீங்கள் காட்டும் இடத்தில் சேமிக்கப்பட்டு, மெயிலில் அதற்கான இணைப்புக் குறிப்பு மட்டும் நிற்கும். பிற்பாடு அந்த ஃபைலை வேறிடத்துக்கு மாற்றினால் குறிப்பு வேலை செய்யாது. எனவே முதலிலேயே நிலையான ஓரிடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. டிட்டாச் செய்தால் மெயிலின் உள்ளடக்கம் மாறிவிடுகிறது. டிஜிட்டல் கையெழுத்திட்ட மெயிலாக இருந்தால் அந்தக் கையெழுத்து இனிச் செல்லாது என்று காட்டும். வழக்கு, வரி, ஒப்பந்தம் சார்ந்த மெயில்களில் கைவைக்காமல் முழுசாக ஆர்க்கைவுக்கு, அதாவது பழைய மெயில்களைச் சேர்த்துவைக்கும் தனி ஃபோல்டருக்கு, அனுப்புங்கள். ஐமேப் கணக்கில் டிட்டாச் செய்தால் சர்வரில் உள்ள மெயிலும் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆர்க்கைவ் செய்வது எளிது. மெயில்களைத் தேர்ந்தெடுத்து கீபோர்டில் ஏ எழுத்தை அழுத்தினால் போதும், வருட வாரியாக உட்ஃபோல்டர் உருவாகி அதில் போய் விழும். ஒரு பெரிய ஃபைலுக்குப் பதில் 2019, 2020, 2021 என்று பல சிறிய ஃபைல்கள். அன்றாடம் திறப்பது சிறிய இன்பாக்ஸ் மட்டும். வேகம் கூடுவதில் பெரும்பங்கு இதற்குத்தான். எங்கே சேர வேண்டும் என்பதை 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' உள்ளே 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியில் அமைக்கலாம். அங்கே 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று வைத்தால் சர்வரிலிருந்து மெயில் இறங்கிவிடும், போனில் தெரியாது, அதன் பேக்கப் முழுக்க உங்கள் பொறுப்பு.

ஒரே தடவையில் 30,000 மெயிலைத் தேர்ந்தெடுத்து ஏ அழுத்தினால் தண்டர்பேர்ட் உறையும். தேதி வாரியாக வரிசைப்படுத்தி, ஆயிரம் ஆயிரமாக நகர்த்துங்கள். நகர்த்துவதும் நகலெடுத்து அடிப்பதுதான் என்பதால் முடிந்ததும் இன்பாக்ஸை மறுபடி கம்பேக்ட் செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டு 'ஆர்க்கைவ் செய்தும் பலனில்லை' என்று அலுத்துக்கொள்பவர்களே அதிகம். தினமும் திறக்கும் ஃபோல்டர் ஒவ்வொன்றையும் 2 ஜிபிக்குள் வைத்துக்கொண்டால் சாதாரண கம்ப்யூட்டரிலும் சிரமம் இருக்காது.

ஐமேப் கணக்கில் மட்டும்

'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' உள்ளே 'சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' என்ற பகுதி. இயல்பாக எல்லா ஃபோல்டர்களின் எல்லா மெயிலும் டிஸ்கில் இறங்கும்படி இருக்கும். 'அட்வான்ஸ்டு' பட்டனைச் சொடுக்கி, அன்றாடம் வேண்டாத ஃபோல்டர்களின் குறியை எடுத்துவிடலாம், அல்லது கடைசி இத்தனை மாதம் மட்டும் என்று வைக்கலாம்.

ஜிமெயில் கணக்கில் இது மிக அவசியம். ஜிமெயிலில் ஒரு மெயில் ஒரே இடத்தில் இருந்துகொண்டு பல லேபிள்களைத் தாங்கும். ஐமேப் வழியே பார்க்கும்போது ஒவ்வொரு லேபிளும் ஒரு ஃபோல்டர். ஆக ஒரே மெயில் இன்பாக்ஸில் ஒருமுறை, 'ஆல் மெயில்' ஃபோல்டரில் ஒருமுறை, நட்சத்திரமிட்டிருந்தால் 'ஸ்டார்டு' ஃபோல்டரில் இன்னொருமுறை என்று இறங்கும். 'இம்பார்ட்டன்ட்', 'ஸ்டார்டு' இரண்டின் குறியையும் எடுத்துவிடுங்கள். பழைய மெயிலை நெட் இல்லாதபோது தேட வேண்டிய தேவை இல்லையென்றால் 'ஆல் மெயில்' குறியையும் எடுக்கலாம். குறியை எடுத்ததும் ஏற்கனவே இறங்கிய ஃபைல் உடனே மறையாது. தண்டர்பேர்டை மூடி, 'ஐமேப்மெயில்' ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் இருக்கும் ஃபைலையும் எம்எஸ்எஃப்பையும் நீக்குங்கள். மூலம் சர்வரில் இருப்பதால் இங்கே மட்டும் அப்படிச் செய்யலாம்.

அதே பக்கத்தின் அடியில், இத்தனை நாளுக்கு மேற்பட்ட மெயில்களை அழி என்ற தேர்வுகள் இருக்கின்றன. அதைத் தொடாதீர்கள். அது டிஸ்கில் உள்ள பிரதியோடு நிற்காது, சர்வரில் உள்ள மூலத்தையும் நிரந்தரமாக அழிக்கும். அங்கேயே ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஆனால் இடம் மிச்சம் பிடிக்கும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

அட்டவணைகள்

ஃபைல் சிறிதான பிறகும் மெயிலைச் சொடுக்கினால் வேறொரு மெயில் திறக்கிறது, அல்லது எண்ணிக்கை தப்பாகக் காட்டுகிறது என்றால் எம்எஸ்எஃப் கெட்டிருக்கிறது. ஃபோல்டர் மீது வலது சொடுக்கு, 'ப்ராப்பர்டீஸ்', 'ரிப்பேர் ஃபோல்டர்'. ஐமேப்பில் இதைச் செய்தால் சர்வரிலிருந்து மறுபடி இறக்கத் தொடங்கும், மொபைல் டேட்டாவில் இருக்கும்போது வேண்டாம்.

தேடல் மட்டும் மந்தம் என்றால் ப்ரொஃபைலின் மேல்மட்டத்திலேயே 'குளோபல்-மெசேஜஸ்-டிபி' என்ற எஸ்க்யூலைட் ஃபைல் இருக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அழிக்கலாம். மெயில் எதுவும் போகாது, அது வெறும் தேடல் அட்டவணை. அடுத்து திறந்ததும் பின்னணியில் புதிதாகக் கட்டும். மெயில் அதிகமென்றால் சில மணி நேரம் கம்ப்யூட்டர் இன்னும் மந்தமாகவே இருக்கும். 'டூல்ஸ்' மெனுவின் 'ஆக்டிவிட்டி மேனேஜர்' எவ்வளவு முடிந்தது என்று காட்டும். ராத்திரி திறந்துவைத்துவிட்டுப் படுத்துவிடுவது உத்தமம்.

ஆன்டிவைரஸ் பற்றி ஒரு சொல். புது மெயில் ஒன்று வந்ததும் இன்பாக்ஸ் ஃபைல் மாறுகிறது. மாறிய ஃபைலை முழுசாகச் சோதிக்கும் ஆன்டிவைரஸ் 6 ஜிபியையும் வாசிக்கும். ஒரு மெயிலில் வைரஸ் இருந்தால் இன்பாக்ஸ் ஃபைலையே தூக்கித் தனிமைப்படுத்திவிடும் ஆபத்தும் உண்டு. ப்ரொஃபைல் ஃபோல்டரை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அட்டாச்மென்ட்டை வெளியே சேமிக்கும்போதோ திறக்கும்போதோ அது எப்படியும் சோதிக்கப்படும்.

அவுட்லுக் வைத்திருந்தால்

இங்கே சொல்வது பழைய வகை, அதாவது 'கிளாசிக்' அவுட்லுக்குக்கு. அதில் ஃபோல்டருக்கு ஒரு ஃபைல் என்பதில்லை, ஒரு கணக்கின் எல்லா ஃபோல்டர்களும் ஒரே ஃபைலில். பாப் கணக்குக்கும் ஆர்க்கைவுக்கும் பிஎஸ்டி என்று முடியும் ஃபைல். எக்ஸ்சேஞ்ச் (அலுவலகங்களில் பயன்படும் மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்), மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளுக்கு ஓஎஸ்டி என்று முடியும் ஃபைல். 2013 பதிப்பிலிருந்து ஐமேப்பும் ஓஎஸ்டிதான். 2002 வரையிலான பதிப்புகளின் பிஎஸ்டி 2 ஜிபியைத் தாண்ட முடியாது, தாண்டினால் கெட்டுப்போகும். 2003, 2007 பதிப்புகளில் இயல்பான வரம்பு 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. வரம்பு 50 என்பதால் 45 வரை வேகமாக ஓடும் என்று பொருளில்லை. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கணிப்பிலேயே 5 ஜிபி வரை பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சிக்கலில்லை, 10 ஜிபியைத் தாண்டினால் இடையிடையே நின்று நின்று ஓடும், 25 ஜிபிக்கு மேல் அந்த நிற்றல் அடிக்கடி வரும்.

சுருக்கும் வழி: 'டிலீட்டட் ஐட்டம்ஸ்' காலி செய்துவிட்டு, 'ஃபைல்', 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்', மறுபடி 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்', 'டேட்டா ஃபைல்ஸ்' தாவல். ஃபைலைத் தேர்ந்தெடுத்து 'செட்டிங்ஸ்' சொடுக்கினால் 'கம்பேக்ட் நவ்' பட்டன். எக்ஸ்சேஞ்ச் கணக்கில் அது 'அட்வான்ஸ்டு' தாவலுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அதே டேட்டா ஃபைல்ஸ் தாவலில் 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' சொடுக்கி அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு என்றால் கணக்கின் 'சேஞ்ச்' திரையில் எத்தனை மாத மெயில் இறங்க வேண்டும் என்ற நகர்த்தி இருக்கும். ஒரு வருடம் போதும். பழையவை சர்வரிலேயே இருக்கும், வேண்டும்போது அங்கிருந்து காட்டும். நகர்த்தியை மாற்றிய பிறகும் ஓஎஸ்டி பெரிதாகவே இருந்தால், அவுட்லுக்கை மூடி அந்த ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் புதிதாக இறக்கிக்கொள்ளும். அதற்கு முன் அவுட்பாக்ஸில் போகாமல் தங்கிய மெயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐமேப் கணக்கானால் கேலண்டரோ கான்டாக்ட்ஸோ 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்ற அடைமொழியோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். அவை சர்வரில் இல்லை, அந்த ஓஎஸ்டிக்குள் மட்டுமே இருக்கின்றன. முதலில் ஒரு பிஎஸ்டிக்கு எக்ஸ்போர்ட் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பிஎஸ்டி திறக்கவே மறுத்தால் அவுட்லுக்கோடு வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற கருவி இருக்கிறது. ஆபீஸ் நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டருக்குள், 2016க்குப் பிந்தைய பதிப்புகளில் 'ரூட்' என்பதன் கீழ் 'ஆபீஸ்16' என்ற இடத்தில் இருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு ஓட்டுங்கள். பழுது பார்க்கும் முன் பேக்கப் எடுக்கவா என்று கேட்கும், குறியை எடுக்காதீர்கள். ஒரு தடவையில் எல்லாப் பிழையும் தீராது, பிழை இல்லை என்று சொல்லும்வரை மறுபடி மறுபடி ஓட்ட வேண்டும்.

கடைசியாக, பிஎஸ்டி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். இயல்பாக அது 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் உருவாகும். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் அந்த டாக்குமென்ட்ஸைப் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு மெயிலுக்கும் மாறும் ஒரு ராட்சத ஃபைலை அது விடாமல் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். மெயிலும் மந்தமாகும், நெட்டும் மந்தமாகும். அலுவலக நெட்வொர்க் டிரைவில் பிஎஸ்டியை வைத்து வேலை செய்வதையும் மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, அடிக்கடி கெட்டுப்போகும். அவுட்லுக்கை மூடி, ஃபைலை சி டிரைவில் ஒன்டிரைவுக்கு வெளியே ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மறுபடி திறக்கும்போது ஃபைலைக் காணவில்லை என்று கேட்கும், புதிய இடத்தைக் காட்டினால் போதும். நகர்த்திய பிறகு அந்த இடத்தை வாராந்திர பேக்கப்பில் சேர்க்க மறக்காதீர்கள், இனி ஒன்டிரைவ் அதைப் பார்த்துக்கொள்ளாது.